ஆர் இந்த பீற்றர் வோட்சன்?

வேலையால் வந்ததும் வராததுமாகப் பரராஜசிங்கம் பத்திரிகையை மேசையில் ஓங்கி அடித்தார்.

"நேசம்! ஆர் இந்த பீற்றர் வோட்சன்?"

குசினிக்குள் நின்ற மனைவி நேசமலர் எட்டிப் பார்த்தாள். "ஏனப்பா?"

"'ஓகே' எண்ட சொல் அமெரிக்கப் பேப்பர் ஒண்டில பகிடியாப் பிறந்தது, இப்ப சம்மதத்துக்கும் அதுதான், சலிப்புக்கும் அதுதான் எண்டு நான் எழுதின கடிதம் அப்பிடியே வந்திருக்கு. அடியில அவன்ர பேர்!"

மெல்பேர்னுக்குக் குடிவந்து இரண்டு வருடம். 1975 பிறந்ததிலிருந்து ஆங்கிலச் சொற்களைப் பற்றி அந்தப் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஆறு கடிதம் போயும் ஒன்றும் வெளிவரவில்லை. இது ஏழாவது. அவர் கையால் எழுதிக் கொடுப்பார். நேசமலர் தன் கந்தோரில் டைப் அடித்துத் தபாலில் போடுவாள்.

"உம்மட கந்தோர்க்காரனோ?"

"இல்லை."

"பிறகெப்பிடி என்ர எழுத்து அவனிட்டப் போனது? யாழ்ப்பாணத்தில இருபது வருசம் இங்கிலீஷ் படிப்பிச்சனான். இஞ்ச பெட்டி அடுக்கிறன். இண்டைக்கு ஃபோர்மன் இதை எனக்கே வாசிச்சுக் காட்டி, 'இதுதான் இங்கிலீஷ், பாத்துப் படி' எண்டவன்!" அவர் பத்திரிகையை அவள் பக்கம் தள்ளினார். "சொல்லும், அவனோட உமக்கு என்ன பழக்கம்?"

நேசமலர் கையைத் துடைத்துக்கொண்டு எதிர்க் கதிரையில் வந்து அமர்ந்தாள்.

"அப்பிடி ஒரு ஆளே இல்லையப்பா. பரராஜசிங்கம் எண்டு போட்டு ஆறு அனுப்பினன், ஒண்டும் வரேல்லை. ஏழாவதில உங்கட எழுத்தில ஒண்டையும் தொடேல்லை. பேரை மட்டும்தான் மாத்தினனான்."