காபி நின்ற வீடு

மூன்றாம் நாள் காலை. சமையலறையில் குக்கர் மூடி விழுந்த சத்தம் அவள் கண்ணுக்குப் பின்னால் போய் இடித்தது.

"மெதுவாக் கழுவத் தெரியாதா? வேணும்னே பண்றியா?"

படுக்கையறையிலிருந்தே கத்தினாள்.

குழாய்ச் சத்தம் உடனே நின்றது.

ஒன்பது வருடமாக இந்த வீட்டில் பாத்திரம் கழுவும் துளசிமணியிடம் அவள் குரலை உயர்த்தியதே இல்லை.

கத்தியது நான் இல்லை, தலைவலி என்று நினைத்துக்கொண்டாள்.

நெஞ்சு படபடப்பதற்கு வேறு காரணம் எதுவும் தெரியவில்லை, காபியை விட்டுப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதல் வாரம் கஷ்டமாக இருக்கும் என்றும் சொன்னார். ஒரு நாளைக்கு ஆறு தடவை குடித்துக்கொண்டிருந்தவள் ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்தினாள். கண்ணில் பட்டால் கை போகும் என்று பொடி டப்பாவை எதிர்வீட்டுக்குக் கொடுத்தாள். ஃபில்டரைப் பரணில் ஏற்றச் சொன்னாள்.

ஸ்டூலில் ஏறி வைத்தது துளசிமணிதான்.

கணவருக்கு எப்போதும் ராகிக் கஞ்சி. அதனால் வீட்டில் காபி அடியோடு நின்றுபோனது.

பள்ளிக்கு அந்த வாரம் முழுக்க லீவு போட்டாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுத்தாள். மாத்திரை போட்டாள். கணவர் நெற்றியில் தைலம் தேய்த்துவிட்டார். பக்கத்தில் யாரும் பேசக் கூடாது.

நான்காம் நாள் துளசிமணி வரவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று போனில் சொன்னாள்.

"நான் படுத்துக் கிடக்கிற நேரம் பாத்து இவளுக்கும் முடியாமப் போகுது" என்றாள் கணவரிடம்.

ஐந்தாம் நாள் துளசிமணி வந்தாள். நெற்றியைச் சுற்றிப் பழைய சேலைக் கிழிசலை இறுக்கிக் கட்டியிருந்தாள்.

அவள் அந்தக் கட்டைப் பார்த்தாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு விழித்தபோது தலை லேசாக இருந்தது. பல் தேய்க்கும்போதே வாயில் ஒரு பாட்டு வந்தது. ஈரோட்டிலிருந்து தங்கை கூப்பிட்டாள்.

"ஜெயிச்சுட்டேன்டி. ஒரு வாரம் செத்துப் பொழச்சேன். இந்தத் தலைவலி எதிரிக்குக்கூட வரக் கூடாது."

தரை துடைத்துக்கொண்டிருந்த துளசிமணி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். போனை வைக்கும்வரை காத்திருந்தாள்.

"எனக்கும் நேத்தோடதானுங்க டீச்சர் நின்னுச்சு."

"என்னது?"

"தலவலிங்க."

குரலில் புகார் இல்லை. ஒரே பஸ்ஸில் கூட வந்து இறங்கியவள் பேசுவதைப் போல இருந்தது.

அவளுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று.

காலை ஆறரை மணிக்குத் துளசிமணி வந்ததும் ஒரு டம்ளர் காபி ஊற்றிக் கொடுப்பது வழக்கம். பின்வாசல் ஜன்னலில் அதற்கென்று தனி டம்ளர் உண்டு. அதைக் குடித்த பிறகுதான் துளசிமணி பாத்திரத்தில் கை வைப்பாள். இங்கே முடித்ததும் இன்னும் இரண்டு வீடு. அதையும் முடித்து வீட்டுக்குப் போய்ப் பதினொரு மணிக்கு மேல்தான் சோறு.

ஒரு வாரமாக அந்த டம்ளர் கவிழ்ந்தே கிடந்தது. அவளும் அதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"ஏன் சொல்லல?"

துளசிமணி துணியை வாளியில் பிழிந்தாள்.

"நீங்களே உட்டுட்டீங்க. நான் எப்புடிங்க கேக்கறது?"

அவள் அறைக்குள் போய் உட்கார்ந்தாள்.

மேசைமேல் மாத்திரை அட்டை கிடந்தது. இன்னும் மூன்று மிச்சம்.

மறுநாள் காலை கணவர் எழுவதற்கு முன்னால் தானே ஸ்டூலில் ஏறி ஃபில்டரை இறக்கினாள். முந்தின நாள் மாலையே பொடி வாங்கி வைத்திருந்தாள். டிகாக்‌ஷன் சொட்டச் சொட்ட அந்த வாசனை தொண்டைவரை வந்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டு பாலைக் காய்ச்சினாள். அலமாரியிலிருந்து, தான் குடிக்கும் டவரா டம்ளரை எடுத்தாள். சர்க்கரை இரண்டு ஸ்பூன்.

துளசிமணி செருப்பைக் கழற்றுவதற்குள் நீட்டினாள்.

துளசிமணி டம்ளரைப் பார்த்தாள். ஆவியைப் பார்த்தாள். ஒரு தரம் மூச்சை இழுத்தாள்.

"வேண்டாமுங்க டீச்சர்."

"உனக்குன்னுதான் போட்டேன். நான் குடிக்கலை. இனிமே தினமும் போட்டுத் தர்றேன்."

"தருவீங்க. மறுபடி பழகிருமுங்க." துளசிமணி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "திடீர்னு ஒரு நாளைக்கு நின்னுபோச்சுன்னா, இன்னொருக்கா அந்த வலி எனக்கு ஆகாதுங்க."

நிற்காது என்று சொல்ல வாயெடுத்தாள்.



துளசிமணி அவளைக் கடந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள்.

அவள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். காபிமேல் ஆடை கட்டியது. கொல்லைப் பக்கம் போய்ச் செடியில் கொட்டினாள்.

அன்று ஒரு வாரத்துக்குப் பிறகு பள்ளிக்கூடம். இடைவேளையில் ஆசிரியர் அறைக்குக் காபி வந்தது. அவள் வேண்டாம் என்று கையசைத்தாள்.

கணக்கு டீச்சர் அமலோற்பவத்துக்கு ஆச்சரியம்.

"நெசமாவே விட்டுட்டீங்களா? தலவலி உயிர எடுத்திருக்குமே!"

"எடுத்துச்சு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ரெண்டு பேருக்கும்" என்றாள்.

"அட, சாரும் உங்களுக்காகச் சேந்து விட்டுட்டாரா? குடுத்து வச்சவங்க நீங்க."

அவள் திருத்த வேண்டிய நோட்டு ஒன்றைப் பிரித்தாள்.

"ம்" என்றாள்.