கையேடு வாசித்த கதை

மூன்றாவது வரியிலேயே அவன் மறுபடியும் தடுமாறினான். கப்பல் தலைவன் மனைவியிடம் விடைபெறும் இடம் அது. அவனோ கரண்ட் பில்லைப் படிப்பதுபோல ஒரே சுருதியில் இழுத்து, முற்றுப்புள்ளியைத் தாண்டி ஓடி, ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த வரியில் போய் இறங்கினான்.

சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியிருந்த வாத்தியார் பல்லைக் கடித்தார்.

“மாப்ளே, நாப்பது வயசாச்சு உனக்கு. எட்டாவது படிக்கிற பிள்ளைங்க இதைவிட நல்லா வாசிக்கும்.”

அவன் வாத்தியாருடைய மனைவியின் தம்பி. மாடியறையில், உயிரோடிருக்கும் நாலு பழைய கம்ப்யூட்டர்களோடும் உயிர் போன ஒன்பதோடும் குடியிருந்தான். வாத்தியார் அவனுக்கு வைத்த பெயர் ‘கையேடு’.

காரணம் இல்லாமல் இல்லை. அவன் படிப்பதெல்லாம் அதுதான். பிரிண்டரோடு வரும் புத்தகம், துணி துவைக்கும் மெஷினோடு வரும் புத்தகம், மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்திருக்கும் தாள் என்று மற்றவர்கள் பிரிக்காமல் எறிவதையெல்லாம் பொறுக்கியெடுத்து முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிப்பான். அவன் படிக்கிற புத்தகத்தில் கதாநாயகனும் கிடையாது, கண்ணீரும் கிடையாது, ஸ்க்ரூ நம்பர்தான் உண்டு என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் வாத்தியார் சொல்லுவார். வந்தவர்கள் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். அதனாலேயே வாத்தியாருக்கு இளக்காரம் கூடிப்போயிற்று.

ஆனால் இப்போது இரண்டு நாளாக அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. வாத்தியாரின் தொண்டையில் வளர்ந்திருப்பதை எடுக்கும்போது குரல்வளையையும் சேர்த்து எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்னும் பத்து நாளில் ஆபரேஷன். அதன்பின் பேச்சு வராது. ஆஸ்பத்திரியில் கொடுத்த தாள்களை வாத்தியார் பார்க்கக்கூட இல்லை. கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டார்.

முப்பது வருஷமாகச் சாயங்காலமானால் மனைவிக்குக் கதை வாசித்துக் காட்டுகிறவர் அவர். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தவுடனே கப்பல் கதையைப் பாதியில் மூடி அலமாரியில் வைத்துவிட்டார். அக்கா அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவேண்டியதைக் கடவுளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம்தான் கையேடு மாடியிலிருந்து இறங்கி வந்து, மீதிக் கதையைத் தான் வாசிப்பதாகச் சொன்னான். சத்தமாக இருக்கிறதென்று ஃபேனை நிறுத்தினான். செல்போனை மரியாதையாக மேஜைமேல் கவிழ்த்து வைத்தான். பிறகு, கதையைக் கொலை செய்ய ஆரம்பித்தான்.

வாத்தியார் ஒரு பக்கம்தான் தாங்கினார். எழுந்து வந்து புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தானே வாசித்தார். ஒரு மணி நேரம் வாசித்தார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

மறுநாளும் அவன் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். ஒவ்வொரு நாளும் அரைப் பக்கம் கொலை, பிறகு திட்டு, பிறகு வாத்தியாரின் வாசிப்பு. ஒருநாள் கப்பல் தலைவனின் மகள் இறந்துபோகும் இடத்தை அவன் பாத்திரக் கணக்கு ஒப்பிப்பதுபோல ஒப்பித்தபோது, வாத்தியார் நடுங்கிப்போனார்.

“உன் உடம்புல ரத்தமா ஓடுது? கரண்ட்தான்டா ஓடுது. உன்னைப் பக்கத்துல வச்சிருக்கிறதுக்கு ஒரு பொட்டியைத் தூக்கி வச்சுக்கலாம்.”

“நீங்களே ஒருதடவை வாசிச்சுக் காட்டுங்க மாமா,” என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மற்றவரை ஏளனம் செய்கிறவருக்கு ஒரு சௌகரியம் உண்டு. எதிராளியின் முகத்தைப் பார்க்கவேண்டியதில்லை.

ஒன்பதாம் நாள் அக்காவே பொறுக்கமாட்டாமல் அவனை மாடிப்படியில் மடக்கினாள்.

“குரல் இருக்கிற பத்து நாளையும் அவரைக் கத்த வச்சே கழிக்கிறியேடா. உனக்கு வாசிக்க வரலைன்னா விட்டுடேன்.”

“நாளைக்கு ஒருநாள்தான்கா,” என்றான் அவன். தம்பி என்று ஒருவன் இருந்தும் பிரயோஜனம் இல்லை என்று நினைத்துக்கொண்டே அவள் இறங்கிப் போனாள்.

பத்தாம் நாள் கதை முடிந்தது.

ஆபரேஷன் முடிந்து வாத்தியார் வீடு திரும்பி மூன்று வாரம் ஆயிற்று. கழுத்தில் கட்டு, மடியில் ஒரு நோட்டு, அதில் அவர் எழுதும் ஒற்றை வார்த்தைகள். தண்ணீர். போதும். விளக்கு. சாயங்காலங்களில் கடிகாரச் சத்தம் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

கையேடு கீழே வந்து, ஒரு சின்ன ஸ்பீக்கரும் கீபோர்டும் வைத்த பலகையை அவர் மடியில் வைத்தான். எதை வேண்டுமானாலும் தட்டிப் பாருங்கள் என்றான். வாத்தியார் கையால் அதை விலக்கினார். அவன் திரும்பவும் வைத்தான். கடைசியில், தொலைந்துபோகட்டும் என்பதுபோல ஒற்றை விரலால் தட்டினார்.

“இந்தக் குப்பையை எடுத்துட்டுப் போ.”

சமையலறையில் அக்காவின் கையிலிருந்து தட்டு நழுவி விழுந்தது. அந்தக் கரகரப்பும், அந்த அதட்டலும், ‘போ’வை வெட்டி நிறுத்துகிற அந்த விதமும் அவள் முப்பது வருஷம் கேட்டவை. ஓடிவந்து பார்த்தாள். வாத்தியாரின் உதடு மூடித்தான் இருந்தது; குரல் வந்தது ஸ்பீக்கரிலிருந்து.

“நீங்க குப்பைக்கூடையில போட்ட தாள்ல இதுக்கு வழி போட்டிருந்துச்சு மாமா. பத்து நாள் நீங்க வாசிச்சதை செல்போன்ல பதிஞ்சு எடுத்த குரல்தான்,” என்றான் அவன். “திட்டினதும் சேத்துத்தான்.”

வாத்தியார் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். அவருடைய குரலே அதட்டிக் கேட்டது.

“அப்ப, வேணும்னேதான் அப்படி வாசிச்சியா?”