சமையலறை பல்பு

"சமையலறை பல்பு இமைக்கக்கூடக் கூடாது," என்றார் லேத்காரர், மூன்றாவது முறையாக. பட்டறைக் கதவிடுக்கில் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டார். வீடு தோட்டத்தின் மறுகோடியில் இருந்தது.

எலக்ட்ரீஷியன் நிமிரவில்லை. "வீட்டுக்கு வர்றது சிங்கிள் பேஸ். அதை உங்க லேத்துக்கு மூணு பேஸா மாத்திக் குடுக்குற இந்தக் கன்வர்ட்டர் மோட்டார், கிளம்புறப்ப ஆறு மடங்கு கரண்டை இழுக்குது. அதான் விளக்கெல்லாம் மங்குது."

"அதுக்கு?"

"இந்தச் சின்ன மோட்டார் முதல்ல அதைச் சுத்திவிடும். வேகம் புடிச்சதும் கரண்ட் குடுத்தா மங்காது. இத்தனை வருஷம் விட்டுட்டு இப்ப என்னண்ணே அவசரம்?"

"விளக்கு மங்கினா உங்கண்ணிக்குத் தலைவலி வருதுப்பா. சீக்கிரம் முடி."

மோட்டார் கிளம்பியது. பட்டறை விளக்கு அசையவில்லை.

"சமையலறையில மங்குச்சான்னு எப்படித் தெரியும்?" என்றார்.

"பல்பையே பார்த்துட்டு இருக்கச் சொல்லி அண்ணியை போன் லைன்லயே நிக்க வெச்சிருக்கேன்ணே."

லேத்காரர் கையை நீட்டித் தடுப்பதற்குள் போன் ஸ்பீக்கரில் அவர் மனைவி பேசினாள்.

"மங்கவே இல்ல தம்பி. ஹார்ட் ஆபரேஷன் ஆகி, ஆறு மாசம் லேத்தைத் தொடக் கூடாதுன்னு டாக்டர் சொன்ன மனுஷன் பக்கத்துல நின்னா, போனை அவர்கிட்ட குடுங்க."