இன்னும் பத்தொன்பது நாள்

காலை ஐந்து பத்து. அலாரம் அடித்தது. பத்மநாபன் அதை அணைத்தான். எழவில்லை.

பதினோரு வருஷத்தில் முதல் முறை.

வலது முழங்கால் தலையணையின் மேல் இருந்தது. நேற்று மாலையிலிருந்து மடங்கவில்லை. தொட்டால் சுட்டது.

பக்கத்தில் மானஸா தூங்கிக்கொண்டிருந்தாள். ரவுண்ட் ராக் ஊரில் இன்னும் விடியவில்லை. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு யாரோ தெருவில் ஓடினார்கள். ஷூ சத்தம் போர்வைக்குள் வரை கேட்டது.

திருடிவிட்டு வந்து படுத்தவனைப் போல அசையாமல் கிடந்தான்.

காய்ச்சலில் ஓடியிருக்கிறான். ஹூஸ்டன் விமான நிலையத்தில் பெட்டிகளை மானஸாவிடம் விட்டுவிட்டு, கேட்டுக்குக் கேட் ஓடியிருக்கிறான். ஊரே உறைந்து மின்சாரம் போன அந்தப் பிப்ரவரியில் வீட்டு மாடிப்படியில் நாற்பது நிமிடம் ஏறி இறங்கியிருக்கிறான்.

"ஒரு நாள் ஓடலேன்னா குடியா முழுகிடும்?" என்று மானஸா கேட்பாள்.

முழுகிவிடும் என்றுதான் நினைத்தான். சொன்னதில்லை.

லேப்டாப்பில் ஓர் எக்செல் கோப்பு இருந்தது. பெயர் ‘பழைய இன்கம் டாக்ஸ்’. யாரும் திறக்கக் கூடாது என்று வைத்த பெயர். உள்ளே மூன்றே கட்டங்கள். அப்பா பிறந்த தேதி. அப்பா இறந்த தேதி. இன்னும் எத்தனை நாள்.

அப்பா மின்வாரியத்தில் இருந்தார். ஐம்பத்தொரு வயது ஏழு மாதத்தில் ஒரு காலை, ஆபீஸுக்குக் கிளம்பும்போது சட்டையின் மூன்றாவது பொத்தானைப் போட்டார். நான்காவதைப் போடவில்லை.

பத்மநாபனுக்கு நாற்பது ஆனபோது, குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா என்று டாக்டர் கேட்டார். மறுநாள் ஓட ஆரம்பித்தான். அப்பாவின் வயதைத் தாண்டும்வரை ஒரு நாளும் விடுவதில்லை. தாண்டிய பிறகு ஓய்வு. அதுதான் ஒப்பந்தம். யாரோடு என்று அவனுக்கே தெரியாது.

மூன்றாவது கட்டத்தில் இன்று பத்தொன்பது.

மூன்று வாரம் ஓடவே கூடாது என்று பிசியோதெரபிஸ்ட் போன மாதமே சொல்லிவிட்டாள். ஓய்வும் பயிற்சிதான் என்று அச்சடித்த தாள் ஒன்றையும் கையில் கொடுத்தாள். தேதி ஒன்றைச் சொல்லி, அதற்கப்புறம் ஓய்வு எடுக்கிறேன் என்றான். அவள் சிரித்தாள்.

கால் அந்தத் தேதிவரை காத்திருக்கவில்லை.

மார்பில் கை வைத்துப் பார்த்தான். துடித்தது. வேகமாகத்தான் துடித்தது.

திருச்சியில் இருக்கும் அம்மாவைத் தினமும் ஓடி முடித்து ஆறேகாலுக்குக் கூப்பிடுவான். இன்று ஐந்தரைக்கே கூப்பிட்டான். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"என்னடா இவ்ளோ சீக்கிரம்? நான் இன்னும் சாயங்காலக் காபியே போடல. ஓடலையா?"

"முட்டி வலிம்மா," என்றான் மெதுவாக.

"நல்லதாப் போச்சு. தெரு நாய்கூட மத்தியானம் கொஞ்சம் படுக்குது."

அம்மா பேசிக்கொண்டே இருந்தாள். எதிர்வீட்டில் பெயிண்ட் அடிக்கிறார்கள். கேஸ் சிலிண்டர் வரவில்லை. பிறகு, பேச்சோடு பேச்சாக, "அப்பா இருந்திருந்தா வர்ற ஐப்பசியோட எண்பது முடிஞ்சிருக்கும்," என்றாள்.

"எண்பத்தொண்ணும்மா. ஜூன்லயே முடிஞ்சிடுச்சு."

இந்தக் கணக்கில் அவன் தப்பு செய்வதில்லை.

அம்மா சிரித்தாள். "அது ஸ்கூல் தேதிடா. அவங்க ஆபீஸ்ல பாதிப் பேர் ஜூன் ஒண்ணுலதான் பொறந்தாங்க. இவருக்கு நீளக் கை. தலைக்கு மேல சுத்தி அந்தப் பக்கத்துக் காதைத் தொடுன்னாராம் வாத்தியார். தொட்டுட்டாரு. மூணரை வயசுப் புள்ளைக்கு அஞ்சுன்னு எழுதிட்டாங்க. நெசமா பொறந்தது அடுத்த வருஷம் தீபாவளிக்கு மறுநாள். உனக்குத் தெரியாதா?"

தெரியாது. அப்பாவின் சர்வீஸ் புக்கைப் பார்த்துத்தான் முதல் கட்டத்தை நிரப்பியிருந்தான்.

விரல் விட்டு எண்ணினான். அப்பாவின் வயதில் ஒரு வருஷம், ஐந்து மாதம் குறைந்தது. மறுபடி எண்ணினான்.

அந்த நாள் இனிமேல் வரப்போவதில்லை. போன வருஷம் மே மாதத்திலேயே வந்து போய்விட்டது.

அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே போனில் ஓட்டக் கணக்கைத் திறந்து பின்னால் தள்ளினான். மே. முப்பத்தோரு நாளும் பச்சை. அதில் ஏதோ ஒன்று. எது என்று நினைவில்லை. ஓடிவிட்டு வந்திருப்பான். குளித்திருப்பான். ஒன்பது மணி மீட்டிங்கில் மைக்கை ஆன் செய்ய மறந்து எதையாவது பேசியிருப்பான்.

அப்பாவைவிட மூத்தவனாக.

சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டான். கட்டில் குலுங்கி, மானஸா புரண்டு படுத்தாள்.

ஐந்து பத்து அலாரத்தை அழித்தான். முழங்காலுக்கு அடியில் இன்னொரு தலையணையை வைத்தான். போனைக் காதோரம் சாய்த்துவிட்டுக் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.

நெற்றி விளக்கோடு போன ஆள் திரும்பி ஓடி வந்தார். ஷூ சத்தம் நெருங்கியது. தெருமுனை தாண்டிப் போனது. போகட்டும்.

சிலிண்டர்காரனைப் பற்றி அம்மா மறுபடி ஆரம்பித்திருந்தாள். குரல் தூரத்தில் கேட்டது. இமைகள் கனத்தன. கொட்டாவி பெரிதாக வந்தது. அவன் அடக்கவில்லை.

"டேய், இருக்கியா? இல்ல, ஓடப் போயிட்டியா?"