திரும்பிப் பார்க்கக் கூடாது

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு கிட்டார் கடை. அந்தக் கடையிலே ஒரே ஒரு சட்டம். கிட்டாருக்குப் பிக்கப் வாங்க வருகிறவர்கள் சுவரைப் பார்த்து நின்றுதான் கேட்க வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது.

"கண்ணு பளபளப்பைப் பார்த்து மயங்கிடும். காதுதான் பொய் சொல்லாது" என்பார் கடைக்காரர்.

ஒருநாள் மத்தியானம் அக்காவும் தம்பியும் வந்தார்கள். இருவரும் ஒரே குழு. தம்பி பாட்டு, அக்கா கிட்டார். அவள் வாசிக்கிற வேகத்துக்கு ரசிகர்கள் வைத்த பெயர் சூறாவளி.

"பிரிட்ஜ் பிக்கப் செத்துப்போச்சுண்ணா. நாளைக்கு மேடை" என்று கிட்டாரை மேஜையில் கிடத்தினாள்.

கம்பிக்கு அடியில், கம்பிகளைத் தாங்குகிற பிரிட்ஜை ஒட்டி இருக்கிற சின்னக் காந்தப் பெட்டிதான் அது. கம்பி அதிர்வதைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும். காதைக் கிழிக்கிற கூர்மையெல்லாம் அதிலிருந்துதான் வரும். அது இல்லையென்றால் சூறாவளி வெறும் மின்விசிறி.

"இருக்கறதுலயே சத்தமானதா போடுங்கண்ணா" என்றான் தம்பி. "மூணு மாசத்துக்கு அப்புறம் இப்பத்தான் மேடை ஏறப்போறோம். நாளைக்குச் சொதப்பினா அந்த மேடையை வேற குழுவுக்குக் கொடுத்துடுவாங்க."

"மூணு மாசம் எங்க காணாமப் போயிட்டீங்க?"

"தொண்டையில கொஞ்சம் தகராறு. இப்போ கல்லு மாதிரி இருக்கு." கையிலிருந்த பிளாஸ்கைத் திறந்து ஒரு மடக்கு வெந்நீர் குடித்தான். "மெதுவா பாடுன்னு யாராவது சொல்லட்டும், அப்புறம் இருக்கு!"

அக்கா சுவர்ப் பக்கம் போய் நின்றாள். தம்பி அவளுக்கு வலப்பக்கம் நின்றான். அவனுக்குப் பின்னால் மேஜை. மேஜைமேல் மூன்று பிக்கப்புகள். கடைக்காரர் ஒவ்வொன்றாகச் சோதனைக் கிட்டாரில் செருகி வாசிப்பார்.

"டேய், நீயும் கூடப் பாடு. பாட்டோட கேட்டாத்தானே தெரியும்?" என்றாள்.

முதல் பிக்கப் பளீரென்று அலறியது. தம்பி கண்ணை மூடிக்கொண்டு பல்லவியை எடுத்தான்.

அக்காவின் தலை மெல்ல வலப்பக்கம் திரும்பியது.

"ஏம்மா, திரும்பக் கூடாது!"

"சுளுக்குண்ணா" என்று கழுத்தைத் தடவிக்கொண்டாள்.

இரண்டாவது அதையும் மிஞ்சியது. ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. தம்பியும் விடவில்லை. அக்கா இந்த முறை ஒளிவுமறைவே இல்லாமல் திரும்பிப் பார்த்தாள்.

"பார்த்தியா தம்பி, உங்க அக்கா கள்ள ஆட்டம் ஆடறாங்க!"

"அவ சின்ன வயசுல கண்ணாமூச்சி ஆடும்போதே விரலைப் பிரிச்சுப் பார்க்கறவதான்!"

மூன்றாவது கொஞ்சம் அடக்கமானது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு சத்தம். தம்பி பாடினான். அக்கா அப்போதும் பார்த்தாள். பாட்டு முடிகிறவரை பார்வையை எடுக்கவே இல்லை.

"இதுதான்" என்றாள்.

தம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இதுவா? ரெண்டாவதைக் கேட்டியா இல்லையா? அது சிங்கம்! இது சளி பிடிச்ச பூனை!"

"எனக்குப் பூனை பிடிச்சிருக்கு."

"உன் கிட்டார் கடைசி வரிசைக்குப் போய்ச் சேருமா? விசிலடிக்கறவன்கூட கொட்டாவி விடுவான்!"

"விட்டுட்டுப் போகட்டும். அண்ணா, மாட்டுங்க."

"உனக்குக் காது போச்சு. அவ்ளோதான். குழுவுல எல்லார்கிட்டயும் சொல்றேன் பாரு!" பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு தம்பி விருட்டென்று வெளியே போனான்.

கடைக்காரர் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பற்றவைத்தார். அவருக்கும் மனசு ஆறவில்லை.

"கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்கம்மா. சட்டத்தை மீறி எட்டிப் பார்த்தீங்க. பார்த்தும் இருக்கறதுலயே மந்தமானதை எடுத்திருக்கீங்க. எதைத்தான் பார்த்தீங்க?"

அக்கா வாசலை ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவன் கழுத்தைப் பார்த்தேண்ணா. முதல் ரெண்டுக்கும் நரம்பு கயிறு மாதிரி புடைச்சுது. மூணாவதுக்குத்தான் புடைக்கலை."

கடைக்காரரின் கை நின்றது.

"கிட்டார் கத்தினா, அதுக்குமேல கத்துவான். இன்னொரு தடவை தொண்டை போனா திரும்பாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"சத்தத்தைக் குறைச்சு வெச்சுக்கிட்டாப் போதுமேம்மா?"

"குறைச்சா ஏன்னு கேப்பான். 'எனக்காகவா?'ன்னு ரோஷம் வந்து அவனே வந்து சத்தக் குமிழைத் திருகுவான். பிக்கப்பே இவ்ளோதான்னா யாரைத் திட்டுவான்? என் காதைத்தானே."

கடைக்காரர் கிட்டாரை உறையில் போட்டு, ஜிப்பை இழுத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

வெளியிலிருந்து தம்பி கத்தினான். "ஏ டமாரச் செவிடு! வர்றியா, நான் போகட்டுமா?"

அக்கா கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"என்னடா சொன்னே? காதுலயே விழலை!" என்று சிரித்துக்கொண்டே நடந்தாள்.