கூப்பிட்ட குரலுக்கு

பாஷை தெரியாத ஊரில் வீடு வாங்க அலைந்த நாளிலிருந்து செண்பகவல்லிக்கு ஒரு பழக்கம். காலி வீட்டில் கணவனைக் கடைசி அறைக்கு அனுப்பிவிட்டு, அடுப்படியில் நின்று "என்னங்க" என்று கூப்பிட்டுப் பார்ப்பாள். அந்த வீட்டில் தன் குரல் ஒலிக்கும் விதம் அவளுக்குப் பிடிக்க வேண்டும். எந்த வீட்டிலும் பிடிக்கவில்லை. "ஆடி போகட்டும், விலையும் இறங்கட்டும்" என்று கணவனும் நிம்மதியாக இருந்தான். இன்று ஐந்தாம் மாடி. தரகர் அவர் பாஷையில் ஏதோ விளக்கிக்கொண்டிருக்க, அடுப்படி ஜன்னலைத் திறந்துவிட்டு, "என்னங்க" என்றாள்.

"இந்தா வந்துட்டேன்மா, சட்டையப் போட்டுக்கிறேன்."

தமிழ்தான். ஆனால் குரல் பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து வந்தது. உள்ளறையிலிருந்து ஓடிவந்த கணவன், "நான் இன்னும் வாயே திறக்கலியே" என்றான். அவள் அவன் கையைப் பிடித்து உலுக்கினாள். "ஆடியாவது ஆவணியாவது. இதையே முடிச்சிருவோம்."

பக்கத்து வீட்டில் ஒரு பெண், "உங்கள இப்ப யாரு கூப்பிட்டா?" என்று அதட்டுவது கேட்டது.

செண்பகவல்லி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "நான்தான்க்கா" என்றாள்.