நாலு வரிசைப் பூண்டு

பொறியாளர் அம்மாவுக்கு, பூம்பாறையிலிருந்து செண்பகவல்லி எழுதுவது.

பூண்டுப் பல்லில் வேர்ப்பக்கம் எது என்று கண்டுபிடிக்கும் மூளையைப் பூண்டு நடும் இயந்திரத்தில் வைத்தால் அதன் விலை ஏறிவிடும் என்றுதான் எங்கள் நாலு பேரையும் வேலைக்குச் சேர்த்தீர்கள். ஆளுக்கொரு வரிசை. அவரவர் வீட்டிலிருந்தே போனில் பார்த்து, தலைகீழாக வரும் பல்லைத் திருப்பிவிடுகிறோம்.

உங்கள் சோதனை வயலில் கடைசி நாலு வரிசையும் பாதிக்குமேல் வளைந்து முளைத்ததற்குக் காரணம் கேட்டீர்கள். சரியான பதில் வராவிட்டால் எங்களை நிறுத்திவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

இயந்திரத்தில் பழுதில்லை. அன்றைக்கு நட்டுக்கொண்டிருக்கும்போதே எங்களில் ஒருத்தியான காளீஸ்வரி, நாலு பேரும் சேர்ந்திருக்கும் லைனில் கத்தினாள்.

"ஏய், எம் மகளுக்குப் பிள்ளை பிறந்திருச்சுடி!"

"யாரு மாதிரிடி இருக்கு?" என்று கேட்டேன்.

"உன்னைய மாதிரி வாயாடிதான். கத்துறதைக் கேளு!"

அவள் போனைப் பிள்ளையிடம் நீட்ட, நாங்கள் மூன்று பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டோம். திரையை யாரும் பார்க்கவில்லை. இயந்திரம் அதுபாட்டுக்குத் தலைகீழ்ப் பல்லையும் நட்டுக்கொண்டே போயிருக்கிறது.

தப்பு எங்களுடையது. வைத்துக்கொள்வதும் நிறுத்துவதும் உங்கள் விருப்பம். ஆனால் அந்த வளைந்த பூண்டு விளைந்தாலும் சந்தையில் எடுக்க மாட்டார்கள். எறிந்துவிடாமல் எங்களுக்கு அனுப்புங்கள். அப்போதும் பிள்ளை பெற்றவள் பால் கொடுத்துக்கொண்டிருப்பாள்; பால் ஊறப் பூண்டு நல்லது. குழம்பு வைத்துக் கொடுக்கிறோம்.